ராமேஸ்வரம் வருவதற்கு முன் கிழமை பாருங்கள்

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் என்னிடம் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "மீன் சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?" நான் பதிலுக்கு, "என்ன கிழமை வர்றீங்க?" என்பேன். கடைப் பெயரைக் கேட்டால் பஞ்சாங்கம் பார்க்கிறானே என்று சலித்துக்கொள்வார்கள். ராம்நாடு கரையில் கடை எதுவானாலும், படகு என்றைக்கு வந்தது என்பதுதான் ருசி.

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும், வழக்கமாக சனி, திங்கள், புதன். போன படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும். அதனால் ஞாயிறு, செவ்வாய், வியாழன் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கிற மாதிரி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன் கிடைக்கும், அளவு குறைவாக இருந்தாலும் நல்ல மீன். காற்று அடித்தாலோ வேலைநிறுத்தம் வந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும், கிளம்புவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பிள்ளைகளுக்கு லீவு விடுகிற அதே மாதங்கள், என்ன செய்ய! ஒரு மே மாதம் அத்தை மகனை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன், அவன் பிடிவாதமாக வஞ்சிரம் வறுவல் சொன்னான், வந்தது எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ, பிய்த்தால் பஞ்சு மாதிரி இருந்தது. இன்றுவரை அந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஓட்டலில் உட்கார்ந்ததும் மெனு கார்டைத் தேடாதீர்கள். "அண்ணே, இன்னைக்கு என்ன மீன் வந்துருக்கு?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் சொன்னால் நம்பலாம். எல்லாமே இருக்கு என்றால் மெதுவாக எழுந்துவிடுங்கள். பாறை, விளமீன், கணவாய், நண்டு, இதில் எது கிடைத்தாலும் சரி. குழம்பு காரமாகத்தான் இருக்கும், இந்த மாவட்டத்துக் குண்டு மிளகாய் அப்படி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். கோவிலைச் சுற்றிய தெருக்களில் பெரும்பாலும் சைவம்தான், மீனுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ, தங்கச்சிமடம், பாம்பன் பக்கமோ போங்கள்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், நிழல் கிடையாது, அரிச்சல்முனை வரை பெட்ரோல் பங்க் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் செக்போஸ்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரசு பஸ்ஸும் போகிறது. போகிற வழியில் ஒரு பக்கம் குளம் மாதிரி கிடக்கிற பாக் நீரிணை, அது பெண்கடல். இன்னொரு பக்கம் இரைந்துகொண்டிருக்கிற மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். இரண்டும் சேருகிற முனையில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீச்சல் தெரியும் என்கிறவர்களையும் சுழல் இழுத்துவிடும். திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அழிந்த ஊர், மாதா கோவில் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. அலைக்குப் பக்கத்திலேயே நாலடி தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள், கேட்டால் குடிக்கவும் தருவார்கள். ஓலைக் கொட்டகைகளில் மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கிற மீனில் உங்களுக்குப் பிடித்ததைக் காட்டினால் அங்கேயே பொரித்துத் தருவார்கள். விலையைப் பேசிவிட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள், பொரித்தபிறகு பேசிப் பயனில்லை.

கோவிலுக்கு வருகிறவர்கள் 22 தீர்த்தமும் ஆடுவதென்றால் மாற்றுத்துணி கையில் வேண்டும், ஈரத்துணியோடு சன்னதிக்கு விடமாட்டார்கள். ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலையில் மட்டும். குளிக்க விருப்பமில்லாவிட்டால் மூன்றாம் பிரகாரத்தை மட்டுமாவது நடந்து பாருங்கள், 1212 தூண், அதிகாலையில் கூட்டமில்லாதபோது.

கலாம் நினைவிடம் பேக்கரும்பில், போகிற வழியிலேயே இருக்கிறது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், டிராபிக் மாட்டிக்கொள்ளும், நீங்களாவது ஓரமாக இறங்கி நடந்து பாருங்கள். கீழே 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் தெரியும். பழையதில் ரயில் ஓடிய காலத்தில் அது இரண்டு கையையும் விரிக்கிற மாதிரி திறந்தது, புதியதில் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். கப்பல் போகிற நேரம் வாய்த்தால் அதிர்ஷ்டம்தான். குந்துகாலில் விவேகானந்தர் 1897 ஜனவரி 26இல் கரையிறங்கிய இடம் இருக்கிறது, சாயங்காலம் போனால் வெயில் தாழ்ந்து இதமாக இருக்கும்.

பெரும்பாலானவர்கள் இத்தோடு மதுரைக்கு ரயிலேறிவிடுகிறார்கள், அங்கேதான் எனக்குக் கோபம். இன்னும் ஒரு நாள் இருந்து ராமநாதபுரத்தில் தங்குங்கள். காலையில் உத்தரகோசமங்கை. "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று சொல்லுமளவுக்குப் பழைய ஊர், மரகத நடராஜர் வருஷம் முழுக்க சந்தனக்காப்பில் இருப்பார், ஆருத்ரா தரிசனத்துக்கு மட்டும்தான் களைவார்கள். அடுத்தது திருப்புல்லாணி, பால் பாயசப் பிரசாதம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து கீழக்கரை பக்கம்தான். மதியம் யாராவது தெரிந்தவர் வீட்டில் நெய்ச்சோறு கிடைத்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர், இல்லாவிட்டாலும் தொதல் வாங்காமல் ஊரைத் தாண்டக்கூடாது. தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம். அல்வா மாதிரி வழுக்காது, பல்லில் ஒட்டும், ஒட்டவேண்டும்.

தொண்டிப் பக்கம் போக நேரமிருந்தால் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள். அலை வற்றினால் படகு ஓடாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக, தை மாசி என்றால் பனங்கிழங்கு, மற்ற நாளில் கருப்பட்டி. கருவாடு வாங்குகிறவர்கள் நியூஸ்பேப்பரில் ஒரு சுற்று, பிளாஸ்டிக் கவரில் இரண்டு சுற்று சுற்றி, அதன்பிறகும் ஏசி பஸ்ஸில் ஏறாதீர்கள். பரமக்குடி தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.