நடுகல் படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏரிக்கரையிலும் வேடியப்பன் கோயிலிலும் நிற்கும் நடுகற்களை (இறந்த வீரருக்கு நட்ட நினைவுக் கற்கள்) படமெடுத்தால், எல்லோருக்கும் பயன்படும்படி விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவும் பயன்படுத்தும் கட்டற்ற படக் களஞ்சியம்) ஏற்றிவிடுங்கள். விக்கிப்பீடியா கணக்கே போதும்.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், எழுத்து மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் சாய்வாக வெயில் விழும்போதுதான் தேய்ந்த வட்டெழுத்தும் (பழைய தமிழ் எழுத்துமுறை) நிழலோடு தெரியும். எழுத்தில் சாக்பீஸ், மாவு பூசவே கூடாது. பூசை நடக்கும் கல்லென்றால் ஊராரைக் கேட்டுவிட்டு எடுங்கள். முழுக் கல் ஒன்று, எழுத்துப் பகுதி ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று.

கேமராவில் இருப்பிடத்தை ஆன் செய்தால் ஏற்றும்போது அட்சரேகை, தீர்க்கரேகை தானாக வந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தில் அது இருக்காது, தரமும் குறைந்திருக்கும். மூலக் கோப்பையே ஏற்றுங்கள்.

கோப்புப் பெயரில் கேமரா தரும் 'ஐஎம்ஜி' (IMG) எண்ணை விட்டுவைக்காமல் ஊர், வட்டம், மாவட்டம் எழுதுங்கள். அப்போதுதான் தேடுபவருக்குப் படம் கிடைக்கும். உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0, பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் (உங்கள் பெயரைச் சொல்லி, மாற்றினால் இதே உரிமத்தில் பகிர்ந்து, யாரும் பயன்படுத்தலாம்). 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற உரிமத்தை அங்கே ஏற்கமாட்டார்கள். பேஸ்புக்கிலிருந்து எடுத்த அடுத்தவர் படமும் நீக்கப்படும், கல் எவ்வளவு பழசானாலும் படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு.