நகம் கடிப்போரிடம் நாம் செய்யும் தவறுகள்

நகம் கடிக்கும் பிள்ளையைக் கண்டதும் "பயந்த சுபாவம்" என்று தீர்மானித்துவிடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. பயத்தில் நகம் கடிப்பவர்கள் உண்டு என்பது உண்மையே. ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணிக் கடிக்கும் அதே பிள்ளை, மழை நாளில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் திண்ணையில் குந்தியிருக்கும்போதும், கடினமான கணக்கொன்றில் மூழ்கியிருக்கும்போதும், தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போதும் கடிக்கிறது. மனம் அளவுக்கு மீறிக் கொதிக்கும்போதும், அதற்கு நேர்மாறாக, ஒரு தூண்டலும் இல்லாமல் சலித்துக் கிடக்கும்போதும் கை வாய்க்குப் போகிறது. விரல் நுனியும் உதடும் உடலில் தொடுவுணர்ச்சி மிகச் செறிந்த இடங்கள் என்பதால், அவ்விரண்டும் சேரும்போது மனத்துக்குச் சிறு ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலை மூளை பதித்து வைத்துக்கொள்வதால், அடுத்த முறை நாம் நினைக்காமலே கை எழுகிறது.

கனடாவின் மொன்றியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று, இத்தகைய பழக்கங்கள் உள்ளவர்களிடம் எதையும் குறையின்றிச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும், அது நடவாதபோது எழும் எரிச்சலும், சும்மா இருக்க முடியாத தன்மையும் காணப்படுவதாகச் சொன்னது. நகத்தின் ஓரத்தில் ஒரு சிறு பிசிறு இருந்தால் அதைச் சீராக்கும் வரை இவர்களுக்கு நிம்மதி இல்லை. பல்லால் சீராக்கப் போனால் இன்னொரு பிசிறு உண்டாகிறது, கடிப்பதும் தொடர்கிறது. கோழைத்தனத்துக்கு இதில் இடமே இல்லை.

கையில் அடிப்பதும், சபையில் "எடு கையை" என்று அதட்டுவதும், நகம் கடித்தால் வீட்டுக்குத் தரித்திரம் என்று மிரட்டுவதும் அடுத்த தவறு. கடிப்பவருக்குப் பல வேளைகளில் தான் கடிப்பதே தெரியாது; தெரியாமல் செய்ததற்குத் தண்டனை கிடைக்கும்போது வெட்கமும் பதற்றமும் கூடுகின்றன, பதற்றம் கூடினால் கடிப்பதும் கூடுகிறது. பிள்ளை மறைவிடம் தேடப் பழகுவதுதான் மிச்சம். இந்தப் பழக்கம் பெரும்பாலும் 3, 4 வயதுக்குப் பின் தொடங்கி, பதின்ம வயதில் உச்சமடைந்து, வளர்ந்தபின் பலரிடம் தானாகவே குறைகிறது. தகப்பனும் கடிப்பவராக இருந்தால் பிள்ளை அவரைப் பார்த்துத்தான் பழகியது என்று அவர் மீது குற்றம் சுமத்த வேண்டியதில்லை. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை இரட்டையர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன.

வன்னிக்கே உரிய ஒரு தவறு இருக்கிறது. ஒருவர் நகம் கடித்தால் "சண்டைக்காலப் பாதிப்பு" என்று சொல்லி, மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் விட்டுவிடுகிறோம். இன்று புலமைப்பரிசில் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் அனைவரும் 2009 மே மாதத்தில் சண்டை முடிந்தபின் பிறந்தவர்கள். உலகில் எந்தச் சண்டையும் காணாத ஊர்களிலும் இதே வயதுப் பிள்ளைகள் இதே போல் கடிக்கிறார்கள். இதன் மறுபக்கத் தவறு இன்னும் கனமானது. முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த ஒருவர் இரத்தம் கசியும் வரை கடிப்பதோடு, நித்திரையின்றித் தவிக்கிறார், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகிறார், ஆட்களை விட்டு ஒதுங்குகிறார் என்றால், அங்கே நகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது பெரிய காயத்தைக் காணாமல் விடுவதாகும். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்வதே முறை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.

"வயிற்றில் பூச்சி, அதுதான் கடிக்கிறான்" என்பதும் வழக்கமான பேச்சு. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்த பேச்சு அது. நூல் போன்ற வெண்ணிறக் குடற்புழு இரவில் ஆசனவாயருகே முட்டையிடுகிறது. அரிப்பெடுத்துச் சொறியும்போது முட்டை நகத்தடியில் சேர்கிறது. கடிக்கும்போது வாய்க்குத் திரும்புகிறது. ஆகவே கடிப்பதால்தான் பூச்சி மீண்டும் மீண்டும் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை: வீட்டார் அனைவரும் வைத்தியர் சொல்லும் அளவில் எடுத்து, இரண்டு வாரத்தின் பின் மறுபடியும் எடுப்பது வழக்கம். கல்சியக் குறைவால்தான் கடிக்கிறார்கள் என்று தாமாகவே மாத்திரை வாங்கிக் கொடுப்பதற்கும் ஆதாரம் கிடையாது.

வளர்ந்தவர்களின் கடியை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நகத்தைச் சுற்றியுள்ள தோலைக் கடித்துப் பிய்த்த விரல்களோடு பெரும்போகத்தில் சேற்று வயலில் இறங்குவது ஆபத்தானது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள எலிக்காய்ச்சல் கிருமி தோலின் சிறு காயங்கள் வழியாகவும் உடலுக்குள் நுழையும். விரலில் புண் இருக்கும் காலத்தில் வயல் வேலை தவிர்க்க முடியாததென்றால், முற்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிய வேண்டும். நகச்சுற்று வந்துவிட்டால் தேசிக்காயைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு நாட்களைக் கடத்துவதும் தவறு. சீழ் கட்டி விண்விணென்று தெறிக்கும் விரலை வைத்தியரிடம் காட்டியாக வேண்டும்.

வேப்பெண்ணெய், பாகற்காய்ச் சாறு, மருந்துக்கடையில் விற்கும் கசப்புப் பூச்சு ஆகியவற்றை நான் தவறென்று தள்ளமாட்டேன். கசப்பு, கை வாய்க்கு வந்துவிட்டதை நினைவூட்டும். அந்த அளவுக்கு அது உதவி. அதையே முழு மருந்தாக நம்புவதும், பிள்ளைக்குத் தெரியாமல் தண்டனையாகப் பூசுவதும்தான் தவறு. மிளகாய்த்தூளை மட்டும் எக்காரணத்துக்கும் தொடக்கூடாது. அந்த விரல் கண்ணுக்கும் போகும்.

நம்பத்தகுந்த வழிமுறையை அமெரிக்க உளவியலாளர்களான நேதன் அஸ்ரினும் கிரகரி நன்னும் 1973இல் விவரித்தார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த விரல் முதலில் போகிறது என்பதைக் கடிப்பவரே கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கை எழும் கணத்தில் விரல்களை மடக்கிக் கையை இறுக்கியோ பென்சிலைப் பற்றியோ ஓரிரு நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். விரல் நுனிகளை ஒன்றோடொன்று மெதுவாக உரசிக்கொள்வதும் சிலருக்கு உதவுகிறது. இதனோடு, பிசிறு தெரிந்தவுடன் வெட்டிவிட ஒரு நகவெட்டி புத்தகப் பையிலோ சட்டைப் பையிலோ இருக்கட்டும். தோல் வறண்டு உரியாதிருக்க இரவில் தேங்காயெண்ணெய் தடவலாம்.

ஒரு கிழமையில் பலன் தேடி, காணாமல் கைவிடுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே வளரும். முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் செல்லும். பத்து விரலையும் ஒரே நாளில் தடுக்காமல், முதலில் ஒரு விரலை மட்டும் காப்பாற்றும்படி பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அந்த நகம் வளர்வதை அதுவே கண்ணால் பார்க்கும்போது, இரண்டாவது விரலைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடும். பரீட்சைக் காலத்தில் பழக்கம் மீண்டும் தலைகாட்டினால் முந்தைய முயற்சி வீணானதாக எண்ணாமல், அதே விரலிலிருந்து மறுபடியும் தொடங்கலாம்.