ஹர்டி-கர்டி வாங்கும்முன் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

வலது கையால் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு சக்கரம் சுழலும், ரோசின் என்ற பிசின் பூசிய அதன் விளிம்பு வயலின் வில் மாதிரி நரம்புகளை ஓயாமல் உரசும், இடது கை விசைகளை அழுத்தும். அவ்வளவுதான் ஹர்டி-கர்டி என்ற ஐரோப்பிய இசைக்கருவி. மெட்டு நரம்புக்குப் பக்கத்திலேயே சுருதி நரம்புகளும் ஒலித்துக்கொண்டே இருப்பதால், சுருதிப்பெட்டி கேட்டு வளர்ந்த நமக்கு முதல் தடவையே பிடித்துப்போகும். சிக்கல் வாங்குவதில்தான். நம் பக்கத்துக் கடைகளில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, தொட்டுப் பார்க்காமலே காசு கட்ட வேண்டும்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். தலையில் பெண் முகம், ஓரமெல்லாம் பூவேலை, விலையும் மலிவு. ஆன்லைனில் வாங்கிவிட்டேன். வந்ததைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் ஒருமுறை ஏறுகிறது, ஒருமுறை அமுங்குகிறது. கோயம்புத்தூர் பீளமேட்டில் தெரிந்த லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஏனுங் தம்பி, இது கெணத்து ராட்டினமுங்களா?" என்று சிரித்த அண்ணன், அப்புறம் டயல் கேஜை விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் அரை மில்லிமீட்டர் போய்ப் போய் வந்தது. "ஷாஃப்ட்டே வளஞ்சிருக்குதுங்க, சக்கரத்தைக் கடைஞ்சு பிரயோசனமில்லீங்க" என்றார்.

அதனால் பட்ஜெட் எதுவானாலும் முதலில் சக்கரம். விற்பவரிடம் இரண்டு வீடியோ கேளுங்கள்: நரம்புகளை விலக்கிவிட்டு விளிம்பை அருகில் வைத்து மெதுவாகச் சுற்றுவது ஒன்று, ஒரே நரம்பை மட்டும் விசை தொடாமல் பத்துச் சுற்று ஒலிக்க விடுவது இன்னொன்று. ஒலி ஒரே நூலாக வர வேண்டும். சக்கரம் எதில் செய்தது என்றும் கேளுங்கள், ஏனென்றால் ஒற்றை மரத்துண்டு என்றால் நம் ஊர்ப் பங்குனி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில் நீள்வட்டமாகிவிட வாய்ப்புண்டு. அடுக்கடுக்காக ஒட்டிய பலகை பரவாயில்லை. அடுத்தது விசைக்குள் நரம்பைத் தொடும் சின்னக் கட்டைகள். அவற்றைத் திருப்பிச் சுரத்தைச் சரிசெய்ய முடியாவிட்டால் வாங்காதீர்கள். அழுத்திய விசை தன் எடையாலேயே திரும்பி விழ வேண்டும், ஸ்பிரிங் கிடையாது.

உடல் எந்த வடிவம் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் வெர்சாயில் பாத்தோன் என்ற கைவினைஞர் பழைய கித்தார் உடலிலேயே ஹர்டி-கர்டி கட்டியவர்தான்.

ஐரோப்பியக் கைவினைஞர் செய்த நல்ல கருவிக்கு ஆயிரக்கணக்கான யூரோ ஆகும், காத்திருக்கவும் வேண்டும். கம்மிக் காசுக்கு என் முதல் யோசனை நெதர்லாந்தின் நெர்டி கர்டி. லேசரில் வெட்டிய பலகை, 3டி பிரிண்டரில் அச்சான பாகங்கள், கிட்டாக வரும், நாமே ஒட்டிக் கோர்க்கலாம். சொந்த உபயோகத்துக்கு வரைபடங்களையும் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள், கோயம்புத்தூரில் லேசர் கட்டிங் கடைக்கா பஞ்சம்? கிட் வரவழைத்தால் கூரியரோடு சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் பார்சல் வாசலில் நிற்கும்போது கையைப் பிசைய வேண்டும். பசையில்லாமல் கோர்க்கும் மரப் பொம்மை கிட்டுகளும் ஹர்டி-கர்டி என்ற பெயரிலேயே விற்கிறார்கள். அவை அலமாரிக்குத்தான்.

காசு இன்னும் கொஞ்சம் இருந்தால் டிராம்பெட் நரம்பு உள்ளதாகப் பாருங்கள். அதன் குட்டிக் குதிரைக்கு, அதாவது நரம்பைத் தாங்கும் கட்டைக்கு, ஒரு கால் தளர்வாக இருக்கும், மணிக்கட்டை வெடுக்கென்று அசைத்துச் சுற்றும்போது பலகையில் தட்டி 'ர்ர்ர்' என்று உறுமும், தாளம் அதிலிருந்துதான் வரும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குதிரைக்கு வைத்த பெயரே 'நாய்'. பூவேலையை விட்டுவிட்டு நாயை வாங்குங்கள்.

கடைசியாகப் பஞ்சு. சக்கரம் தொடும் இடத்தில் நரம்பில் பஞ்சு சுற்றாவிட்டால் கீச்சிடும். மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம், இழை குட்டை, உருண்டு திரண்டுவிடும். நீள இழைதான் வேண்டும், இதில் மட்டும் பிரெஞ்சுக்காரனைவிட நமக்கு யோகம்: சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து நீள இழைச் சுவின் பருத்தியை உருவாக்கியதே கோயம்புத்தூரில்தான். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் மாமனோ மச்சானோ இருந்தால் ஒரு முழம் கோம்பர் ஸ்லைவர், அதாவது சீவிய பஞ்சுத் திரி, கேளுங்கள், வருஷக்கணக்கில் வரும். மெல்லிய கீற்றாகப் பிய்த்து, நரம்பில் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றினால் அது தானே சுற்றிக்கொள்ளும். ஒலி அடைத்தால் பஞ்சு அதிகம், கீச்சிட்டால் கம்மி. நான் முதல் வாரம் முழுக்கப் பிய்த்துப் பிய்த்துச் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன்.