கடலோர ஊரில் கோலிவிங் அறை: முன்பணம் அனுப்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

வெயிலும் கடலும் உள்ள ஊரில் கோலிவிங் அறை (ஹால், சமையலறை பொதுவாக, அறை மட்டும் தனியாக உள்ள பகிர்வு வீட்டில் ஓர் அறை) எடுத்து, அங்கிருந்தபடியே ரிமோட்டில் வேலை பார்க்க முடிவு செய்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசா, டிக்கெட், காப்பீடு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது மட்டும்தான். இதுவரை மூன்று கோலிவிங் வீடுகளில் தங்கியிருக்கிறேன். முதல் வீட்டை இரண்டாவது வாரமே காலி செய்தேன். மாத வாடகையாக முன்கூட்டியே கட்டிய பணம் திரும்பி வரவில்லை. இப்போது அறை தேடும்போது கீழே உள்ள வரிசையில்தான் போகிறேன்.

படி 1: வேலை நேரத்தை அந்த ஊர்க் கடிகாரத்தில் எழுதுங்கள்

புகைப்படங்களைத் திறக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். உங்கள் குழு இருக்கும் ஊர் நீங்கள் போகும் ஊரைவிட 5 மணி நேரம் பின்தங்கியது என்றால், அவர்களின் காலை 9 முதல் மாலை 5 வரை உங்களுக்கு மதியம் 2 முதல் இரவு 10 வரை ஆகிவிடும். அப்படியானால் மாலை 7 மணிக்கு எல்லோரும் கூடிப் பேசும் ஹாலுக்குப் பக்கத்து அறை உங்களுக்கு ஒத்துவராது. கால் பேசத் தனியறை எத்தனை, அவை இரவிலும் திறந்திருக்குமா என்பதையும் இந்த நேரத்தை வைத்துத்தான் கேட்க வேண்டும். சில நாடுகள் வருடத்தில் இரண்டு முறை கடிகாரத்தை 1 மணி நேரம் மாற்றுகின்றன. நீங்கள் தங்கும் மாதங்களுக்குள் அது வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: இணையம்

என்னைத் தடுக்கிவிட்டது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதல் வீட்டின் விளம்பரத்தில் இணைய வேகம் 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) என்று போட்டிருந்தார்கள். ஹாலில் உட்கார்ந்து சோதித்தால் அந்த வேகம் வரத்தான் செய்தது. என் அறையிலோ இரண்டு கான்கிரீட் சுவர்களைத் தாண்டி 30 எம்பிபிஎஸ்தான் வந்தது. சாதாரண வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும் என்பதால் கவலைப்படவில்லை. ஆனால் இரவு 8 மணியானால் என் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்றார்கள். வேகத்தைப் பார்த்தால் அதே 30. லேப்டாப்பை மாற்றிப் பார்த்தேன், ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். காரணம் பிடிபட மூன்று நாள் ஆனது.

பிரச்சினை வேகத்தில் இல்லை, வரிசையில் இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் பகலில் எடுத்த வீடியோக்கள் இரவில் மொத்தமாக கிளவுடுக்கு ஏறும். ரவுட்டர் அவற்றையெல்லாம் நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கும். என் குரல் அடங்கிய சின்னச் சின்ன தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கும். யாரும் பயன்படுத்தாதபோது 20 மில்லிசெகண்டாக இருந்த பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பி வரும் நேரம்), அந்த நேரத்தில் 700ஐத் தாண்டியது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர்வது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. விளம்பரத்தில் போடும் எம்பிபிஎஸ் எண்ணில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது.

அதனால் இப்போது வீட்டு நிர்வாகியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "எனக்குத் தரப்போகும் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, இரவு 8 முதல் 10 மணிக்குள் ஃபாஸ்ட்.காம் தளத்தில் இணைய வேகச் சோதனையை ஓட்டுங்கள். முடிந்ததும் கூடுதல் விவரம் காட்டும் பொத்தானை அழுத்தி, அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள்." அதில் அப்லோடு வேகம் இருக்கும். லேட்டன்சி, அதாவது தாமதம், இரண்டு எண்களாக இருக்கும்: ஒன்று சும்மா இருக்கும்போது, இன்னொன்று சுமை ஏறும்போது. நான் பார்ப்பது இரண்டாவதை. அது 100 மில்லிசெகண்டுக்குள், அப்லோடு 10 எம்பிபிஎஸுக்கு மேல் என்றால் மேற்கொண்டு பேசுவேன். இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு அழகான கடல் இருந்தாலும் வேண்டாம்.

ஏன் ஃபாஸ்ட்.காம் என்றால், ஆப் எதுவும் இறக்காமல் யாருடைய போனிலும் உடனே ஓடும். போய்ச் சேர்ந்த பிறகு நானே சோதிக்க கிளவுட்ஃப்ளேரின் வேகச் சோதனைத் தளம்தான் என் விருப்பம். ஜிட்டர் (தாமதம் ஏறி இறங்கும் அளவு), பாக்கெட் இழப்பு (வழியில் தொலையும் பாக்கெட்டுகள்) இரண்டையும் அதில் பார்க்கலாம்.

வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே கட்டடத்தில் இருபது ரவுட்டர்கள் இருந்தால் நெரிசல்தான். அறைக்குள் கேபிள் செருகும் போர்ட் இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. மெஷ் வைஃபை (பல கருவிகளை அங்கங்கே வைத்து வீடு முழுக்கப் பரப்பும் வைஃபை) இருக்கிறது என்று சொல்லும் வீட்டைவிட, போர்ட் இருக்கிறது என்று சொல்லும் வீட்டைத்தான் நான் எடுப்பேன். 10 மீட்டர் ஈதர்நெட் கேபிளும் அதற்கான அடாப்டரும் எப்போதும் என் பையில் இருக்கும்.

அப்புறம், கரண்ட் போனால் ரவுட்டர் ஓடுமா என்று கேளுங்கள். ரவுட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தாலே சமாளித்துவிடலாம்.

படி 3: வெயில், ஈரம், உப்பு

மேற்குப் பார்த்த அறை அஸ்தமனத்துக்கு அழகுதான். ஆனால் பிற்பகல் முழுக்க வெயில் வாங்கிய சுவர் இரவு வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் வேலை பார்ப்பவர் அதைத் தவிர்ப்பது நல்லது. மேசை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும்.

பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து வீசும். இரவில் அது திரும்பிவிடும். ஒரே ஒரு ஜன்னல் கடலைப் பார்த்து இருந்து, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அறைக்குள் காற்று ஓடாது.

அறைக்குள் ஈரப்பதம் நாள் கணக்கில் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். வீடியோ காலில் அறையைக் காட்டும்போது அலமாரியின் பின்பக்கத்தையும் குளியலறைக் கூரையையும் காட்டச் சொல்லுங்கள். கதவுக் கீலும் ஜன்னல் கம்பியும் துருப்பிடித்திருந்தால் உப்புக் காற்று நேராக வருகிறது என்று அர்த்தம். லேப்டாப்பின் போர்ட்டுகளுக்கும் அது ஆகாது. கடலை ஒட்டிய முதல் வரிசையைவிட மூன்று நான்கு தெரு உள்ளே தள்ளியிருக்கும் வீடே என் தேர்வு. ஏசி அறையிலிருந்து லேப்டாப்பை நேராகப் பால்கனிக்கு எடுத்துப் போகாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு திறங்கள்.

படி 4: மேசை, நாற்காலி

மேசை 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், நாற்காலிக்கு உயரம் மாற்றும் வசதி. அதுவும் அறைக்குள். ஹாலில் இருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 5: பணம்

முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள், மாத வாடகையைவிட அதிகம் கேட்டாலும் சரி. ஏசி மின்கட்டணம் யாருடையது, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், இணையம் தொடர்ந்து போனால் வெளியேற முடியுமா என்ற மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்றும் கேளுங்கள். சுற்றுலாக் கூட்டம் இல்லாத மாதங்களில் வாடகை குறையும். பல ஊர்களில் இடிப்பதும் கட்டுவதும் அப்போதுதான் நடக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு அறை எடுத்த ஒருவருக்கு நிர்வாகி எப்போதோ எடுத்த பழைய படத்தை அனுப்பியிருக்கிறார். அதனால் சோதனையை வீடியோ காலில் நேரடியாக ஓட்டச் சொல்லுங்கள். இன்னொருவருக்கு வேறு சிக்கல். அந்த வீட்டு வைஃபை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர்பைத் துண்டித்து, மறுபடியும் கடவுச்சொல் கேட்டிருக்கிறது. மீட்டிங் நடுவிலேயே அது நடந்திருக்கிறது. நான் யோசிக்காத விஷயம் இது. உள்நுழைவுப் பக்கம் வருமா, ஒருவருக்கு எத்தனை சாதனங்கள் அனுமதி என்பதையும் இப்போது என் கேள்விகளில் சேர்த்துவிட்டேன்.

போய் இறங்கிய முதல் இரவே, உங்கள் வேலை நேரத்தில் நண்பர் ஒருவருடன் அரை மணி நேரம் வீடியோ கால் பேசிப் பாருங்கள். அலுவலக விபிஎன்னையும் (அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) இணைத்துக்கொண்டே பேசுங்கள். குரல் அறுந்தால் அன்றைக்கே வேறு அறை கேளுங்கள், மறுநாள் வரை தள்ளிப்போட வேண்டாம்.