சிங்கப்பூரில் வாடகை வீடு தேடும் இந்தியாக்காரருக்கு

முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதிவிடுங்கள். பெயரை மட்டும் போட்டால் ஏஜென்ட் உங்களை உள்ளூர்த் தமிழர் என்று நினைத்து வரச் சொல்லிவிடுவார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸிலிருந்து பிடோக் வரை போனேன். கதவைத் திறந்த அம்மா தமிழர். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். தஞ்சாவூர் பக்கம் என்றேன். "இந்தியாக்காரங்களுக்குக் குடுக்கிறதில்லப்பா" என்று அழகான தமிழில் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். சீன வீட்டுக்காரர்கள் மறுத்தபோதெல்லாம் இவ்வளவு உறுத்தவில்லை.

அப்புறம் இப்படி எழுத ஆரம்பித்தேன்: 'இந்தியக் குடிமகன், எம்ப்ளாய்மென்ட் பாஸ், கணவன் மனைவி இரண்டு பேர், ஒரு வருட ஒப்பந்தம், தினமும் சமைப்போம்.' பாதிப் பேர் பதிலே போடவில்லை. சரி, அத்தனை பஸ் பயணமும் மிச்சம். சமையலை மறைக்காதீர்கள். 'லைட் குக்கிங்' என்று விளம்பரத்தில் இருந்தால் தாளிக்கிற வாசனை கூடாது என்று அர்த்தம். ஒருமுறை அதற்குத் தலையாட்டிவிட்டு ஆறு மாதம் ரொட்டியும் தயிர்சாதமுமாக ஓட்டினோம்.

"கோட்டா முடிந்துவிட்டது" என்றால் உடனே நம்பவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். முழு வீவக வீட்டை (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடி வீடு) வாடகைக்கு விட அப்படியொரு வரம்பு உண்மையாகவே இருக்கிறது: மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. புளோக் எண்ணைக் கேட்டு வீவக இணையத்தளத்தில் பாருங்கள். அறை மட்டும் என்றாலோ கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) என்றாலோ இந்த வரம்பு கிடையாது. அங்கே கோட்டா என்று சொன்னால் அது சாக்கு.

விளம்பரத்திலேயே 'இந்தியர் வேண்டாம்' என்று இருந்தால் படம் பிடித்து வையுங்கள். ஏஜென்டின் பதிவு எண் ஆர் எழுத்தில் தொடங்கும்; அதோடு சேர்த்து, ஏஜென்ட்களைக் கண்காணிக்கும் சிஇஏவிடம் புகார் செய்யலாம். வீட்டுக்காரரைக் கேட்க வழியில்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் குடியுரிமை பார்த்து ஒதுக்குவதைத் தடுப்பது வேலையிடத்தில்தான்.

எனக்குப் பலித்த வழி, காலி செய்துகொண்டு போகிற இந்தியக் குடும்பத்தைப் பிடிப்பது. வீட்டுக்காரருக்கு நம் சமையல் ஏற்கெனவே பழகியிருக்கும். இப்போதிருக்கும் யீஷூன் வீட்டில் அடுப்புக்குப் பின்னால் சுவரில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. பார்த்ததும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.