வீட்டு வெள்ளக் காப்பீடு: எதற்குப் பணம் வரும், எதற்கு வராது

வீட்டின் தரை முழுவதும் தண்ணீர் நிற்கிறது. அது கூரை ஒழுகி இறங்கியதாக இருக்கலாம், சுவருக்குள் ஓடும் குழாய் வெடித்ததால் வந்திருக்கலாம், கழிவறைக் குழாய் வழியாக எதிர்த்து ஏறியிருக்கலாம், அல்லது ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவழியாக உள்ளே புகுந்திருக்கலாம். வீட்டுக்காரருக்கு இந்த நான்கிலும் நனைவது ஒரே கட்டில், ஒரே அலமாரி, ஒரே சுவர்தான். காப்பீட்டு நிறுவனமோ இவற்றை நான்கு தனித்தனி நிகழ்வுகளாகவே பார்க்கும். ஆகவே பாலிசியைக் கையில் எடுப்பவர் ‘எவ்வளவு கிடைக்கும்’ என்று பார்ப்பதற்கு முன்பே ‘எந்த வழியாக வந்த தண்ணீருக்கு’ என்று பார்க்க வேண்டும்.

அதற்கான விடை, பாலிசியின் தொடக்கப் பக்கங்களில் உள்ள சொல்விளக்கப் பகுதியில் இருக்கும். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புயலும் வெள்ளமும் தீவிபத்தோடு சேர்ந்தே இடம்பெறுகின்றன. பிரிட்டனிலும் சாதாரண வீட்டுப் பாலிசிக்குள் வெள்ளம் இருப்பதே வழக்கம். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. அங்கே வழக்கமான வீட்டுப் பாலிசி வெள்ளத்தை வெளிப்படையாகவே விலக்கிவிடுவதால், 1968இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் நிறுவனத்திலோ தனியாக ஒரு பாலிசி எடுக்க வேண்டும். அந்தத் தேசியத் திட்டம் வெள்ளம் என்பதற்குத் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது: வழக்கமாக உலர்ந்திருக்கும் நிலத்தில் குறைந்தது 2 ஏக்கரோ, நம்முடையதையும் சேர்த்து குறைந்தது 2 மனைகளோ தற்காலிகமாக நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நம் வீட்டு முற்றத்தில் மட்டும் வடிகால் அடைத்துத் தேங்கிய நீர், எவ்வளவு சேதம் செய்திருந்தாலும், இந்த விளக்கத்துக்குள் வராது.

தகராறுகள் அதிகம் எழுவது தண்ணீர் வந்த வழியைப் பற்றித்தான். குழாய் வெடிப்பும் மேல்தொட்டி வழிவதும் பொதுவாக வெள்ளம் என்ற தலைப்பில் அடங்குவதில்லை. வீட்டுப் பாலிசியின் வேறொரு பிரிவில் அவற்றைத் தேட வேண்டும். சுவரில் மாதக்கணக்காக ஊறிய ஈரமும், பழுதைச் சரிசெய்யாமல் விட்டதால் ஒழுகும் கூரையும் திடீர் நிகழ்வுகள் அல்ல என்பதால், பராமரிப்புக் குறை என்ற பெயரில் அநேகமாக எல்லாப் பாலிசிகளிலும் விலக்கப்படுகின்றன. கழிவுநீர்க் குழாய் எதிர்த்துப் பாய்வது, வெள்ளத்துக்கும் வீட்டுக் குழாய்ப் பழுதுக்கும் நடுவில் நிற்கும் விஷயம். வெளியே வெள்ளம் வந்து, அதன் நேரடி விளைவாகக் கழிவுநீர் ஏறியிருந்தால் அமெரிக்கத் திட்டம் பணம் தரும். வெள்ளமே இல்லாமல் குழாய் அடைப்பால் ஏறியிருந்தால் தராது. இந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டுமாவது நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முகவர் வாயால் சொன்ன உறுதி, கோரிக்கை மறுக்கப்படும் நாளில் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அடுத்து, எந்தப் பொருளுக்குக் காப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டடமும் அதற்குள் இருக்கும் பொருள்களும் தனித்தனிக் காப்புகள். ஒன்றை எடுத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்கத் திட்டத்தில் ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு உச்சவரம்பு கட்டடத்துக்கு 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000 டாலர். பொருள்களுக்கான காப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இந்தியப் பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொருள்களுக்கும் சேர்ந்தே கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கட்டடம் சொந்தமில்லை என்பதால் அவர் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுத்தால் போதும். வீட்டு உரிமையாளரின் பாலிசி, குடியிருப்பவரின் உடைமைகளுக்கு ஒரு காசும் தராது.

நிலத்தடித் தளம் உள்ள வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான் என்பதால் காப்பும் அங்கே சுருங்குகிறது. அமெரிக்கத் திட்டத்தில் அந்தத் தளத்திலுள்ள மின்பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கருவி போன்றவற்றுக்குப் பணம் உண்டு. அங்கே போட்டிருக்கும் மெத்தை நாற்காலிக்கும் தரைவிரிப்புக்கும் கிடையாது. வேலி, நீச்சல்குளம், தோட்டத்துச் செடிகள் ஆகியவற்றையும் அது விட்டுவிடுகிறது. ரொக்கப் பணமும் பத்திரங்களும் பல பாலிசிகளில் விலக்கப்பட்டவை. காருக்கும் இருசக்கர வாகனத்துக்கும் இழப்பீடு கோர வேண்டியது வாகனக் காப்பீட்டில்தான்.

வீடு காயும்வரை வேறிடத்தில் தங்கும் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கத் தேசியத் திட்டம் அதைத் தருவதில்லை. இந்தியப் பாலிசியில் மாற்று வீட்டு வாடகைக்கு இடமுண்டு. சுவர் காய்ந்து, பூச்சு வேலை முடிந்து குடிபுக மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், பாலிசிகளை ஒப்பிடும்போது பிரீமிய வித்தியாசத்தைவிட இந்த ஒரு வரிக்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

இழப்பை எந்த மதிப்பில் கணக்கிடுகிறார்கள் என்பதும் கிடைக்கும் தொகையைப் பெரிதும் மாற்றும். புதிதாக வாங்க ஆகும் விலையைத் தருவது ஒரு முறை. தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது இன்னொரு முறை. பத்து வருடம் ஓடிய குளிர்சாதனப் பெட்டிக்கு இரண்டாவது முறையில் கிடைப்பது புதிய பெட்டியின் விலையில் சிறு பங்குதான். காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போட்டுப் பிரீமியத்தை மிச்சப்படுத்துவதிலும் ஆபத்து உண்டு. மீண்டும் கட்ட 100 லட்சம் ஆகும் வீட்டை 60 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், விகிதாசார விதி உள்ள பாலிசியில் 30 லட்சம் இழப்புக்கு 18 லட்சம்தான் கைக்கு வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் கழிவு நீக்கப்பட்டுள்ளது. மற்ற பாலிசிகளில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதுவானாலும் தொகையை முடிவுசெய்யும்போது நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. கட்டடத்தைத் திரும்ப எழுப்பும் செலவே கணக்கு.

மழை எச்சரிக்கை வந்த பிறகு பாலிசி எடுக்க ஓடுவதில் பயனில்லாமல் போகலாம். அமெரிக்கத் திட்டத்தில், வீட்டுக் கடனோடு சேர்த்து எடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பாலிசி நடைமுறைக்கு வர 30 நாள் காத்திருக்க வேண்டும்.

வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வோர் அறையையும் அலமாரிகளைத் திறந்து காட்டிப் படமெடுத்து, விலையுயர்ந்த கருவிகளின் மாதிரி எண்ணையும் ரசீதையும் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுகோலோடு படமெடுங்கள். நாறும் பொருள்களை எறிய வேண்டியிருந்தால் படமெடுத்த பிறகு எறியுங்கள். விரிப்பிலும் மெத்தையிலும் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் வரட்டும் என்று வீட்டை ஈரமாகவே பூட்டிவைப்பது பெரும் தவறு, ஏனென்றால் தடுத்திருக்கக்கூடிய பூஞ்சைச் சேதத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். காலக்கெடுவையும் குறித்துவையுங்கள்: அமெரிக்கத் திட்டத்தில் கையொப்பமிட்ட இழப்பு விவரத்தை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இந்தியப் பாலிசியில் வெள்ளத்தைத் தொடர்ந்து நடக்கும் திருட்டு, நிகழ்வு நடந்த 7 நாளுக்குள் என்றால்தான் கணக்கில் வரும். கோரிக்கை மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டை அந்தப் பிரிவின் சொற்களைக் கொண்டே எழுதலாம்.