நண்டு தசைய நம்ம தசை மாதிரி நெனச்சு படிக்காதீங்க

நரம்பு தசைக்கு சேதி சொல்றது அசிட்டைல்கோலின்ங்கற வேதிப்பொருள் வழியான்னு ப்ளஸ் டூல மனப்பாடம் பண்ணிருப்போம், அதையே அப்படியே தூக்கிட்டு வந்து நண்டு, இறால் மேல வெக்கிறதுதான் முதல் தப்பு. அங்க தசைய சுருங்க வெக்கிறது பெரும்பாலும் குளுட்டமேட். அது போக, தசைக்கே நேரா வந்து "சுருங்காத"ன்னு சொல்ற தடுப்பு நரம்பும் இருக்கு, அது விடுறது காபா. நம்ம கைகால் தசைக்கு அப்படி ஒரு நரம்பே கிடையாது, அடக்குற வேலையெல்லாம் தண்டுவடத்துலயே முடிஞ்சிடும். அதுக்காக எல்லாமே குளுட்டமேட்னும் அடிச்சு விடாதீங்க, நண்டு வயித்துல இருக்குற சில தசைங்க அசிட்டைல்கோலினுக்குத்தான் சுருங்குது.

நமக்கு ஒரு தசைக்கு நூத்துக்கணக்குல நரம்புங்க இருக்கு, பலம் வேணும்னா இன்னும் நாலு நரம்ப சேர்த்துக்கலாம். கிரேஃபிஷ் (நன்னீர்ல வாழுற, சிங்கி இறால் மாதிரி ஒரு உயிர்) கொடுக்க திறக்குற தசைக்கு சுருக்குற நரம்பு ஒண்ணே ஒண்ணு, தடுக்கிறது ஒண்ணு. அப்ப அதே நரம்பு அதே அளவு துடிச்சாலும் இழுப்பு கூடணும் குறையணும்னா வேற வழி வேணும்ல, அங்கதான் செரோட்டோனின், ஆக்டோபமின், ப்ராக்டோலின்ங்கற வேற வேதிப்பொருளெல்லாம் உள்ள வருது. பல நேரம் ரத்தத்துல கலந்தே வருது. இதுங்கள "சுருங்கு"ன்னு உத்தரவு போடுற ஆளா எழுதிடுறாங்க, தப்பு. நரம்பு போடுற உத்தரவு எவ்ளோ பலமா நடக்குதுங்கறதத்தான் இதுங்க மாத்துது.

ரொம்ப பேர் வழுக்கி விழுற இடம் இது. 1980ல லிவிங்ஸ்டன், ஹாரிஸ்-வாரிக், கிராவிட்ஸ்ங்கற மூணு ஆராய்ச்சியாளர்களும் சிங்கி இறாலுக்கு (லாப்ஸ்டர்) செரோட்டோனின் ஊசி போட்டப்ப அது உடம்ப மடக்கி சண்டைக்கு நிக்கிற மாதிரி நின்னுச்சு, ஆக்டோபமின் போட்டா காலு வாலெல்லாம் நீட்டிப் படுத்துடுச்சு. உடனே ஒண்ணு தசைய இறுக்கும், இன்னொண்ணு தளர்த்தும்னு முடிவு கட்டிடுறோம். ஆனா தசைய தனியா எடுத்துப் பாத்தா ரெண்டுமே சுருக்கத்த கூட்டத்தான் செய்யுது! அந்த எதிரெதிர் ஆட்டம் நடக்குறது நடு நரம்பு மண்டலத்துல, எந்த நரம்பு துடிக்கணும் எது அடங்கணும்னு அங்கதான் மாறுது. மருந்து எந்த இடத்துல வேலை செய்யுதுன்னு பாக்காம விளக்கம் சொன்னா இப்படித்தான்.

ப்ராக்டோலின் கதை வேற. 1975ல பிரவுனும் ஸ்டாரட்டும் 1,25,000 கரப்பான்பூச்சிய அரைச்சு வெறும் 180 மைக்ரோகிராம் எடுத்தாங்க (அந்த லேப் பக்கம் நான் போயிருக்கவே மாட்டேன்), அஞ்சே அஞ்சு அமினோ அமிலம் கோத்த சின்ன மூலக்கூறு அது. கிரேஃபிஷ் வால் மடக்குற தசையில இத போட்டா, நரம்பு துடிக்கிறப்ப தசையில எழும்புற மின் அலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், இழுப்பு மட்டும் ஏறும். எலக்ட்ரோட மட்டும் பாத்துட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு நோட்ல எழுதிடாதீங்க, இழுவிசையையும் சேர்த்து அளக்கணும்.

கடைசியா, தவளைக்கு கலக்கி வெச்ச ரிங்கர் கரைசல்ல (வெளிய எடுத்த தசைய உயிரோட வெக்கிற உப்புத் தண்ணி) கிரேஃபிஷ் தசைய போடாதீங்க. கிரேஃபிஷுக்குன்னு வான் ஹாரவெல்ட்ங்கற ஆராய்ச்சியாளர் 1936ல சொன்ன கரைசல்ல சோடியம் குளோரைடு 205 மில்லிமோலார், தவளையோடது அதுல ஏறக்குறைய பாதிதான். கடல் சிங்கி இறால்னா அந்த 205ம் பத்தாது, ரெண்டு மடங்குக்கு மேல வேணும்.